யூயாவின் முகம்: ஆற்காட்டிலிருந்து ஆம்பூர் வரை ஒரு நாள்

போன வியாழக்கிழமை ஆற்காட்டிலிருந்து ஆம்பூருக்குப் போய் வந்தேன். போக ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீட்டர், திரும்பி வர அதே எழுபத்தைந்து. பெரிய தூரமில்லை. உலகத்தில் பாதியைச் சுற்றியவன் நான். சரி, கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இவ்வளவு நீளமான பயணம் நான் போனதில்லை.

ஆம்பூரில் என் தோஸ்த் அன்வர் பாய் காலமாகி வியாழனோடு நாற்பது நாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வரச்சொல்லி அவர் மகன் இம்தியாஸ் போன் செய்தான். "சாச்சா, அடக்கத்துக்குத்தான் நீங்க வரல. இதுக்காவது வந்துடுங்க. அப்பா உங்களத்தான் ஜாஸ்தி தேடுனாரு" என்றான். எனக்குக் காய்ச்சல் என்று அப்போது சொல்லியிருந்தேன். காய்ச்சல் இல்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் இங்கே எகிப்துப் பயணம் என்று ஏழு பகுதி எழுதினேன் அல்லவா? ஒட்டகம், நைல் படகு, மியூசியத்தில் நம் யோசேப்பின் உடல் என்றெல்லாம். பலர் பாராட்டி எழுதினீர்கள். நான் எகிப்துக்குள் போனதில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன் கெய்ரோ ஏர்போர்ட்டில் விமானம் மாறுவதற்காக ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எகிப்தில் நான் மிதித்தது ஏர்போர்ட் டைல்ஸ் மட்டும்தான்.

இதை அன்வர் பாய் வீட்டில் என் வாயால் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் காரணம். உங்களிடம் சொல்வது சுலபம். உங்கள் முகம் எனக்குத் தெரியாது.

காலை 6.40க்கு ஆற்காடு பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் ஏறினேன். கட்டணம் இருபத்தைந்து ரூபாய். முந்தின நாளே அரைக்கிலோ மக்கன் பேடா வாங்கி வைத்திருந்தேன், இருநூற்று இருபது ரூபாய். ஆற்காட்டுக்கு வருகிறவர்கள் இதை வாங்காமல் போகக் கூடாது. நவாப் குடும்பத்துச் சமையல்காரரே எங்கள் தாத்தாவுக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்ததாக எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைத் தொடங்கியது நான்தான். அன்வர் பாய்க்கு மக்கன் பேடா என்றால் உயிர். பஸ் விஷாரம் தாண்டும்போதுதான் உறைத்தது, துக்க வீட்டுக்கு இனிப்பு டப்பாவோடு போகிறேனே என்று. அறுபத்தெட்டு வயதில் தனியாக இருப்பவனுக்கு இதுதான் கஷ்டம். கிளம்பும்போது "இது எதுக்கு?" என்று கேட்க வீட்டில் ஆளில்லை. என் மனைவி போய் ஆறு வருஷமாகிறது.

பக்கத்து இருக்கையில் ஒருவர். ஒடுகத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை வியாபாரி, மடியில் காலிச் சாக்குக் கட்டு. வீட்டில் சொல்லப் போவதை யாரிடமாவது ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

"அண்ணே, நான் எகிப்துக்குப் போனதே இல்ல" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நானும்தான் போனதில்ல. இன்னா இப்ப?"

"இல்லண்ணே, போனேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

"அவ்ளோதானா? எம் மச்சான் சிங்கப்பூர்ல வேல செய்றேன்னு சொல்லிட்டு ரெண்டு வருஷம் ஓசூர்ல இருந்தான். கல்யாணமே ஆயிடுச்சு." சாக்கை இழுத்து வைத்துக்கொண்டு, "அதுக்கு இன்னாத்துக்கு கண்ணு கலங்குது உங்களுக்கு?" என்றார். ஜன்னல் காற்று என்றேன். ஜன்னல் மூடியிருந்தது.

7.30க்கு வேலூர் புது பஸ் ஸ்டாண்ட். ஃபாத்திஹா லுஹர் தொழுகைக்கு முன்னால், பன்னிரண்டு மணிக்குமேல்தான். ஆகவே கோட்டைக்குப் போனேன். ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். கோட்டைக்குள் நுழையக் கட்டணமில்லை. உள்ளே கோயில், சர்ச், மசூதி மூன்றும் இருக்கின்றன. அகழியை ஒட்டி நடந்தால் முழுச் சுற்று ஒரு மணி நேரம் ஆகும் (நான் நாற்பது நிமிடத்தில் முடித்தேன், பாதியில் குறுக்கே வந்துவிட்டேன்). காலையிலேயே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் கல் சுடும். இந்தப் பதிவில் இருக்கும் நான்கு படங்களிலும் நான் இல்லை. எடுக்க ஆளில்லை. ஒரு ஜோடியிடம் கேட்கலாம் என்று போனேன், அவர்கள் படம் எடுத்துத்தரச் சொல்லி என்னிடம் போனை நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அகழிச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது பழைய பேச்செல்லாம் ஓடியது. விஷயம் புரிய வேண்டுமானால் அதை நீங்களும் கேட்க வேண்டும்.

ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்தேன். படிப்பு எட்டாவது. ஆனால் நான் சூப்பர்வைசராக இருந்த லைனில் தைத்த ஷூவைப் போடாத கால் ஐரோப்பாவில் குறைவு. அன்வர் பாய் அங்கே செலக்டர். முடிந்த தோலை மேஜையில் விரித்து, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, உள்ளங்கையால் தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. அந்த மேஜையில் ஒரு சட்டம் உண்டு. தோலைக் கையால் தொட்டவன்தான் பேசலாம். மேனேஜரே வந்து "போன லாட் மாதிரிதானே பாய்?" என்றாலும், "தொட்டுப் பாத்துட்டு பேசுங்க சார்" என்பார். அதேபோல் தொட்டவன் சொல்லிவிட்டால் அதற்குமேல் வாதம் கிடையாது. இது அந்த வேலைக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

மத்தியானச் சாப்பாட்டில் எங்கள் பேச்சு பெரும்பாலும் எகிப்துதான். அவர் மிஸ்ர் என்பார். எனக்கு ஞாயிறு பள்ளியில் கேட்ட யோசேப்பு. அவருக்கு யூசுப் நபி. ஒரே ஆள். அண்ணன்மார் கிணற்றில் போட்டு விற்றது, கனவுக்கு அர்த்தம் சொல்லி மந்திரியானது எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. அந்தப் பார்வோன் யார், பெயர் என்ன என்பதை எங்கள் வேதமும் சொல்லவில்லை, அவர்கள் வேதமும் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம்.

யோசேப்பின் தகப்பன் யாக்கோபு செத்தபோது உடம்பைப் பதப்படுத்த நாற்பது நாள் ஆனதென்று எங்கள் வேதத்தில் வருகிறது. இதைச் சொன்னதும் அன்வர் பாய் சோற்றுக் கையோடு யோசித்தார். "நம்ம கொடோன்ல உப்பு போட்டா தோலு மூணு வாரத்துல தண்ணி எறக்கிடும். ஆனா இது முழு ஆளு. உள்ள கறி இருக்கு. நாப்பது நாளு நியாயம்தான். எழுதுனவன் வேல தெரிஞ்சவன்" என்றார். இந்த மாதிரி விளக்கத்தை எந்தப் பண்டிதரும் உங்களுக்குச் சொல்லமாட்டார். மோசேயைப் பற்றியும் (அவருக்கு மூசா நபி) பேசுவோம். அக்நாத்தோன் என்று ஒரு பார்வோன் சூரியன் ஒன்றே கடவுள் என்று மற்ற சாமிகளை ஒதுக்கினானாம். மோசே அவனிடம் கற்றாரா, அவன் மோசேயிடம் கற்றானா என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசியிருக்கிறோம். "ரெண்டு பேரும் மேல இருக்கறவன்கிட்ட கத்துக்கினாங்க, சோத்தத் தின்னு" என்று அவர் முடித்துவைத்தார்.

பிறகுதான் கம்பெனி என்னை இத்தாலிக்கு ஷூ கண்காட்சிக்கு அனுப்பியது. வழியில் கெய்ரோ. விமானத்தில் கிடந்த பத்திரிகையில் யூயா என்பவரைப் பற்றி இரண்டு பக்கம். பார்வோனுக்கு மாமனார், தேர்ப்படைக்கு அதிகாரி, எகிப்துக்காரர் முகவெட்டு இல்லை, பெயரைக்கூட எழுத்தர்கள் ஆளுக்கொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள், அதனால் வெளியூர்க்காரராக இருக்கலாம் என்று போட்டிருந்தது. "தெய்வத்தின் தகப்பன்" என்று அவருக்குப் பட்டம். நம் யோசேப்பும் தேவன் தன்னைப் பார்வோனுக்குத் தகப்பனாக வைத்தார் என்று சொல்கிறார். பார்வோனின் இரண்டாவது தேரில் ஊர்வலம் போகிறார். எனவே யூயாதான் யோசேப்பு என்று சிலர் சொல்கிறார்களாம். படித்தவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை என்று கடைசிப் பத்தியில் இருந்தது. கடைசிப் பத்தியை நான் ஊருக்குக் கொண்டுவரவில்லை. யூயாவின் உடல் கெய்ரோ மியூசியத்தில் இருப்பதாகவும் எழுதியிருந்தது. ஏர்போர்ட் சுவரில் ஒரு மம்மியின் படம் ஒட்டியிருந்தார்கள். அது யூயாவா வேறு யாராவதா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஊருக்கு வந்து சொன்னேன். அன்வர் பாய் முதலில் விடவில்லை. "யோவ், யூசுப் நபியோட எலும்ப மூசா நபி எடுத்துட்டுப் போய்ட்டாரே. உங்க பக்கமும் அதானே சொல்றீங்க? அப்புறம் கெய்ரோவுல எப்படிய்யா இருக்கும்?" என்றார். சரியான கேள்வி. சுற்றிலும் எட்டுப்பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது நான், "நீ இன்னா சொன்னாலும் சரி பாய். நான் கண்ணாடிப் பெட்டிகிட்ட நின்னு என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

பேச்சு அதோடு நின்றது. அவர் மேஜைச் சட்டம் அது. பார்த்தவன் சொல்லிவிட்டான்.

"மொகம் எப்படி இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். தலைமுடி மஞ்சள், கை இரண்டும் தாடைக்குக் கீழே என்று பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். பிறகு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். "பயமே இல்ல பாய் அந்த மொகத்துல. இப்பத்தான் சாப்ட்டுட்டு படுத்த மாதிரி இருந்தாரு."

வேலூரிலிருந்து ஆம்பூர் பஸ் 9.50க்கு. கட்டணம் நாற்பத்தைந்து. ரயிலில் போகிறவர்கள் காட்பாடி போய் ஏறலாம், செலவு கம்மி, ஆனால் நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலாற்றை ஒட்டியே ரோடு போகிறது. ஆற்றில் மணலும் முள்ளும்தான். நைல் நதி இதைவிடப் பத்து மடங்கு அகலம் என்று இரண்டாம் பகுதியில் எழுதியிருந்தேன், அதை நம்ப வேண்டாம். மாதனூர் தாண்டியதும் காற்றில் அந்தத் தோல் வாடை வந்தது. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது சம்பள நாள் வாடை. அந்த ஊரில் இப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதுமானதாக இருந்தது.

11.10க்கு ஆம்பூர். பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஆட்டோக்காரரிடம் தெருப் பெயரைச் சொன்னேன். எண்பது ரூபாய் கேட்டார்.

"யாரு வீட்டுக்கு?" என்றார் வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

"செலக்டர் அன்வர் பாய் வீடு. நாப்பதாம் நாளு."

"அட, நம்ம அன்வர் பாய்! தங்கமான மனுஷன். அவரோட தோஸ்த் ஒருத்தர் மிஸ்ருக்குப் போய் யூசுப் நபியவே நேர்ல பாத்துட்டு வந்தாராம். என் வண்டியில உக்காந்தா அந்தக் கதையச் சொல்லாம எறங்கமாட்டாரு." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீங்க... சார், நீங்க ஸ்டீபனா?"

ஆமாம் என்றேன். வீட்டு வாசலில் இறங்கி நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் கையை மடக்கிக் கொண்டார். "அந்த மொகத்தப் பாத்த கண்ணு சார் உங்களுது. உங்ககிட்ட காசு வாங்குனா எனக்கு வெளங்காது."

அன்பர்களே, என்னை விமானத்தில் அனுப்பியிருக்கிறார்கள், கண்காட்சியில் என்னோடு வெள்ளைக்காரர்கள் கைகுலுக்கியிருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க நான் ஆசைப்பட்ட மரியாதை அன்றைக்கு ஒரு ஆட்டோவில் கிடைத்தது. ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. மக்கன் பேடா டப்பாவை அவர் சீட்டில் வைத்து, பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பிரச்சினையாவது தீர்ந்தது.

அன்வர் பாய்க்கு கிட்னி போய்விட்டது. வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கிருந்து போன் செய்தார். "ஸ்டீபன், ஒரு தடவ வந்து அந்த மொகத்தப் பத்தி சொல்லிட்டுப் போ. போன்ல வாணாம், நேர்ல." ஆற்காட்டிலிருந்து வேலூர் முக்கால் மணி நேரம். "நாளைக்கு வர்றேன் பாய்" என்றேன். ஒன்பது நாள் அதையே சொன்னேன். சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பொய்யை மறுபடி சொல்ல எனக்குத் தைரியமில்லை. உண்மையைச் சொல்லவும் தைரியமில்லை. பத்தாம் நாள் இம்தியாஸிடமிருந்து போன் வந்தது.

வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், நாற்பது பேர் இருக்கும். நான் வழக்கமாக இருநூறு என்று எழுதியிருப்பேன். ஓதி முடித்ததும் இம்தியாஸ் என் தோளைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினான். "இவருதான் ஸ்டீபன் சாச்சா. அப்பா சொல்வாரே, அவரு. சாச்சா, எல்லாரும் உங்க வாயால கேக்கணும்ங்கறாங்க."

"மொதல்ல பாபிகிட்ட ஒரு வார்த்த பேசிட்டு வர்றேன்பா" என்றேன்.

அன்வர் பாய் மனைவி இத்தாவில் இருந்தார். புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் அவர்கள் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்கள், அந்நிய ஆண்கள் முன் வரமாட்டார்கள். இம்தியாஸ் என்னை உள்ளறை வாசலுக்குக் கூட்டிப்போனான். பச்சைத் திரை தொங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டான்.

"பாபி, ஸ்டீபன் வந்திருக்கேன்."

"வாங்க பாய்சாப். சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல பாபி. ஒண்ணு சொல்லணும்..."

"மொதல்ல நான் கேட்டுக்கறேன். கடைசி வாரம் பூரா அவருக்கு ஒரே பேச்சு. அந்த மொகத்துல பயம் இல்லையாம், ஸ்டீபன் பக்கத்துல நின்னு பாத்தான், அப்புறம் எனக்கு இன்னாத்துக்கு பயம்னு. நர்ஸம்மாகிட்டகூட அதத்தான் சொன்னாரு. இங்க பொம்பளைங்கள்லாம் கேக்கறதுக்கு உக்காந்திருக்காங்க. ஒரு தடவ சொல்லுங்க."

திரைக்கு அந்தப் பக்கம் பல பேர் மூச்சடக்கி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எனக்குச் சொல்லத் தெரியும். இதுவரை நூறு தடவை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேற்றி. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நான் பாக்கல பாபி. ஏர்போர்ட்ட விட்டு வெளியவே போகல. மொகம், பயமில்லாதது, எல்லாம் நானா சொன்னது."

உள்ளே யாரோ ஒரு பெண் "யா அல்லா" என்றாள். இம்தியாஸ் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவனை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தன வருஷமா?" என்றார் பாபி.

"பதினாலு."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"ஆஸ்பத்திரிக்கு நீங்க வராதது இதுக்குத்தானா?"

"ஆமா பாபி."

"நான் வேற நெனச்சேன். வெளிநாடெல்லாம் போனவரு, நம்ம வாசம் இனிமே புடிக்கல போலன்னு." குரல் உடையவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "போறப்ப அவரு மொகத்துல பயம் இல்ல பாய்சாப். நான் பாத்தேன். அது உங்க பொய்யாலயா, மேல இருக்கறவன் குடுத்ததான்னு இப்ப நான் யாரக் கேக்கறது?"

நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன்.

"போங்க. போய் சாப்புடுங்க" என்றார்.

கூடத்தில் பிரியாணியும் கத்திரிக்காய் தொக்கும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் நானே சொல்லிவிட்டேன், பார்க்கவில்லை என்று. பழைய கட்டிங் செக்‌ஷன் காதர் அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் சிரித்தார்.

"ஏர்போர்ட்டத் தாண்டியிருக்க மாட்டான் இவன்னு அன்னிக்கே சொன்னேன் நான். அன்வரு என்ன அடிக்க வந்துட்டான் தெரியுமா? ஸ்டீபன் ஜாஸ்தி பேசுவான், ஆனா பாத்தேன்னு சொன்னா பாத்தவன்தான்னான். ஒரு மாசம் எங்கிட்ட பேசல."

ஆம்பூர் பிரியாணியின் ருசியைப் பற்றி இந்தப் பதிவில் எழுதப் போவதில்லை. அன்வர் பாய் இருந்திருந்தால் அவரோடு சண்டை போட்டிருப்பேன், அவரும் என்னோடு போட்டிருப்பார், இரண்டு மாதத்தில் சரியாகியிருக்கும். இத்தனை வருஷத்தில் என் பேச்சை மறித்து "அது எப்படிய்யா?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்து போவார்கள். என் மகன் கனடாவிலிருந்து ஞாயிறு தோறும் கூப்பிடுகிறான், "ஓகேப்பா, ஓகேப்பா" என்பான்.

செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது இம்தியாஸ் வந்தான். "அம்மா கூப்பிடறாங்க" என்றான், சாச்சா என்ற வார்த்தையை விட்டுவிட்டு.

மறுபடி அந்த ஸ்டூல், அந்தத் திரை.

"பாஸ்போர்ட் இருக்கா?" என்றார் பாபி.

"இருந்துச்சு பாபி. தேதி முடிஞ்சிடுச்சு."

"புதுசு வாங்குங்க. எனக்கு இத்தா முடிய இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுவரைக்கும் நான் இந்த வாசப்படியத் தாண்ட முடியாது. நீங்க தாண்டலாம். போய் நிஜமா பாத்துட்டு வாங்க."

"அது யூசுப் நபிதான்னு படிச்சவங்களே ஒத்துக்கல பாபி. எலும்ப எடுத்துட்டுப் போய்ட்டாங்கன்னு பாயே சொன்னாரு."

"யாரா இருந்தா இன்னா? அவரு எந்த மொகத்த நெனச்சுக்கினு கண்ண மூடுனாரோ அந்த மொகம். நீங்க போய் பக்கத்துல நின்னு பாக்கணும். பாத்துட்டு இங்க வந்து இதே ஸ்டூல்ல உக்காந்து சொல்லணும். பயந்த மாதிரி இருந்தா பயந்த மாதிரின்னு சொல்லுங்க. கூட்டாதீங்க, கொறைக்காதீங்க."

"சரி பாபி."

"வல்லாஹி, அல்லா மேல ஆணையா சொல்றேன் பாய்சாப், இந்தத் தடவ நாளைக்கு வர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க."

திரும்பும்போது 4.15க்கு ஆம்பூரில் பஸ், 5.40க்கு வேலூர், 6.50க்கு வீடு. மொத்தச் செலவு மக்கன் பேடாவையும் சேர்த்து ஐந்நூற்றுக்குள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. யாராவது உட்கார்ந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வேலூர்க் கோட்டைக்குக் காலையில் போங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும். வேலூர்–ஆம்பூர் பஸ் அடிக்கடி உண்டு, அவசரப்பட வேண்டாம். தோல் ஃபேக்டரிகளுக்குள் தெரிந்தவர் இல்லாமல் விடமாட்டார்கள். ஆம்பூரில் வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைகள் மூடியிருக்கும், அதற்கேற்பத் திட்டமிடுங்கள். நாற்பதாம் நாள் வீட்டுக்குப் போவதானால் வெறுங்கையோடு போனாலும் தப்பில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிற நண்பர் கூப்பிட்டால் அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.

எகிப்து ஏழு பகுதிகளையும் நேற்று அழித்துவிட்டேன். ஒட்டகச் சவாரிக் கட்டணம், படகுக்காரர் பெயர், மியூசியம் வாசலில் எலுமிச்சை ஜூஸ் விற்கிற கிழவர், எல்லாம் நானே போட்டது. நம்பி யாராவது டிக்கெட் எடுத்திருந்தால் மன்னிக்க வேண்டும்.

திங்கட்கிழமை வேலூரில் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டேன். டிராவல்ஸ்காரர் புனித பூமி யாத்திரைக் குழுவோடு போகச் சொன்னார். எருசலேம் வரை எல்லாம் சேர்த்துத்தானாம், அறைக்கு இரண்டு பேராம். "உங்ககூட யாரு சார் வர்றாங்க?" என்றார். கெய்ரோ மட்டும் போதும், ஒரு டிக்கெட் என்றேன். நான்கு நாள் போய்வர என்ன ஆகும் என்று அவர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, மனைவியின் இரண்டு வளையலை எடுத்து வைத்திருக்கிறேன். அவள் இருந்திருந்தால் திட்டியிருப்பாள், பிறகு தானே கழற்றிக் கொடுத்திருப்பாள்.

இத்தனை நாள் இங்கே நான் உங்களுக்கு வழி சொன்னேன். இப்போது தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். யூயா இன்னும் அதே மியூசியத்தில் இருக்கிறாரா, வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களா? ஏர்போர்ட்டிலிருந்து எவ்வளவு தூரம்? அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு ஆளை எவ்வளவு நேரம் நிற்க விடுவார்கள்? எனக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்படும்.